கோணி போர்த்திய தர்பூசணி

"இந்த வருஷம் ஒரு துண்டுகூட எவனுக்கும் கிடையாது!"

ஃபிராங்க்ளின் இப்படிச் சபதம் போட்டபோது தர்பூசணி எலுமிச்சை அளவுதான் இருந்தது. சபதம்தான் பூதாகாரமாக இருந்தது.

எல்லாம் போன வருஷத்துக் கோபம். ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டுப் பின்கட்டில் அவன் வளர்த்த பழத்தைத் தெருவுக்கெல்லாம் ஆசையாக அறுத்துக் கொடுத்தான். பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் இரண்டு துண்டு தின்றுவிட்டு, மூன்றாவதுக்குக் கையை நீட்டிக்கொண்டே, "சப்புனு இருக்கேப்பா" என்றார். அந்தச் 'சப்பு' ஃபிராங்க்ளினை ஒரு வருஷம் தூங்கவிடவில்லை.

"இது முழுசா அறுப்பின் பண்டிகைக்குக் கோயிலுக்குப் போகுது. சபையே பாக்குது. அப்புறம் முழுசா வீட்டுக்கு வருது" என்றான்.

"காணிக்கை வெச்சது திரும்பி வருமாங்க?" என்று கேட்டாள் மனைவி குளோரியா, இடுப்பில் பிள்ளையோடு.

"சர்ச் ஐயர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"அப்போ பேருக்காகத்தான் வளக்கறீங்க."

"சீச்சீ! நான் பேருக்கா செய்றேன்? எல்லாம் ஆண்டவருக்குத்தான்!"

சொன்ன கையோடு ஒரு ஊசியை எடுத்தான். பிஞ்சில் தோலை லேசாகக் கீறிப் பேர் எழுதினால், காயம் ஆறி, காயோடு எழுத்தும் வளருமாம். பொம்மசந்திரா கம்பெனியில் கூட வேலை செய்யும் இராஜமாணிக்கம் சொல்லிக்கொடுத்த வித்தை. மூச்சைப் பிடித்துக்கொண்டு 'ஃபிராங்க்ளின்' என்று கீறினான்.

"நானும் ஒரு ஓரமா எழுதட்டுமாங்க?"

"கிறுக்கி வெக்காதே!"

ஓஸ்வால்ட் கண் பட்டுவிடும் என்று சுவர்ப் பக்கம் முழுக்க ஒரு கோணியைப் போர்த்தினான். அந்தக் கோணியை யாரும் தொடக்கூடாது என்று உத்தரவு.

பழம் வளர்ந்தது. வளர்ந்ததா, வீங்கியது! காலையில் கம்பெனி பஸ் ஏறும்போது பானை மாதிரி இருந்தது சாயங்காலம் அண்டா மாதிரி தெரிந்தது. பிள்ளைக்குப் பல் முளைத்தது அவனுக்குத் தெரியாது. பழத்தின் இடுப்பளவு மட்டும் மனப்பாடம்.

ஆனால் தண்ணீர்? அந்த 1998 கோடையில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வந்தது. பழமோ தினம் ஆறு குடம் கேட்டது. பகலெல்லாம் குளோரியாதான் வாளியோடு அலைந்தாள். தெருவில் பிரிஜெட் ஆன்ட்டி அரிசி கழுவின தண்ணி கொடுத்தாள். பாமா காய் அலசினது கொடுத்தாள். பியாட்ரிஸ் மீன்தொட்டியையே கவிழ்த்துக் கொடுத்தாள். ஓஸ்வால்ட் சுவர் மேலேயே போர் தண்ணிக் குழாயை நீட்டினார்.

"எல்லாரும் கேக்கறாங்க. ஆளுக்கு ஒரு துண்டாவது குடுக்கலேன்னா, நாளைக்கு நான் எந்த முகத்தோட வாளிய தூக்கறது?"

"முகத்த எதுக்குத் தூக்கறே? வாளிய மட்டும் தூக்கு!"

குளோரியா தலையில் ஹேர்பின்னைச் சரியாகச் செருகிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, சுவர்ப் பக்கமாகப் போனாள்.

பண்டிகை வந்தது. பழத்தைக் கோணியும் போர்வையுமாகச் சேர்த்துக் கட்டச் சொன்னான் ஃபிராங்க்ளின். "கோயில்லதான் தெறக்கணும். அதுவரைக்கும் ஒருத்தன் கண்ணும் படக்கூடாது!" நாலு பேர் தூக்கினார்கள். அதில் ஒருவர் ஓஸ்வால்ட். அவர் முனகுவதைக் கேட்க ஃபிராங்க்ளினுக்குப் பாட்டு மாதிரி இருந்தது.

இவன் புதுச் சட்டையோடு முன் பெஞ்சில் போய் உட்கார, குளோரியா மட்டும் பின்தங்கி, "அண்ணா, இந்தப் பக்கம் திருப்பி வைங்க" என்று கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தாள்.

போர்வை விலகியது. கோணி விலகியது. சபை "ஆ!" என்றது. ஃபிராங்க்ளின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

ஐயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "தண்ணி ஊத்தினது... ஓஸ்வால்ட்..." என்று வாசித்தார். "பிரிஜெட்... பியாட்ரிஸ்... பாமா..."

ஃபிராங்க்ளின் எழுந்தே விட்டான். பழத்தில் விரல் நீளத்துக்குக் கோணல் மாணலாக எழுத்துகள். வீட்டுக் காலண்டரில் சிலிண்டர் வந்த தேதியைக் குறிக்கும் அதே கை!

ஐயர் நெகிழ்ந்துபோய் இரண்டு கையையும் விரித்தார். "ஒரு தெருவே தண்ணீர் ஊற்றி வளர்த்துப் படைத்த கனி! ஆராதனை முடிந்ததும் இந்த வீட்டுக்காரர்களே இதை அறுத்துப் பகிர்ந்துகொள்ளட்டும். சகோதரர் ஃபிராங்க்ளின் எழுந்து நின்றே சம்மதம் சொல்லிவிட்டார்!"

சபை "ஆமென்" என்றது. ஓஸ்வால்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உனக்கு இவ்ளோ பெரிய மனசுன்னு தெரியாம போச்சேப்பா" என்றார்.

ஃபிராங்க்ளின் தொப்பென்று உட்கார்ந்தான். "ஏய்... என் பேரு எங்கடி?"

குளோரியா தலைமுக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "பின்னால, பீடத்துப் பக்கம் பத்திரமா இருக்குங்க. ஆண்டவருக்குத்தானே செஞ்சீங்க? நேரா அவரைத்தான் பாத்துக்கிட்டு இருக்கு."