எட்டாவது கட்டைவிரல்

நிர்வாக நலன் கருதி, ஊழியர்கள் அனைவரும் வெண்ணெய்ப்பழத்தை (அவகாடோ) ரசித்துச் சாப்பிட வேண்டும் என்று இயக்குநர் சுற்றறிக்கை விட்டார். வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போன மனுஷன், பயிற்சியை அங்கேயே விட்டுவிட்டுப் பழத்தை மட்டும் கையோடு கொண்டுவந்திருந்தார். ரசித்ததற்கான சான்றிதழ் இணைக்காத எந்த விண்ணப்பமும் பரிசீலிக்கப்பட மாட்டாது என்பது கடைசி வரி.

அந்த வரியைத்தான் தபால் பிரிவு எழுத்தர் மூன்று தடவை படித்தார். மனைவி வேலை பார்க்கும் ஊருக்கு மாற்றல் கேட்டு நாலு வருஷமாக நடையாய் நடக்கிறார். போன தடவை ஊருக்குப் போனபோது கதவைத் திறந்த மூன்று வயது மகள், "அம்மா, யாரோ வந்திருக்காங்க" என்றாள். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அழுதுவிட்டார், பாவம்.

ஒரு பழம்தானே என்று பண்டகசாலையில் கையெழுத்துப் போட்டு வாங்கினார். கல்லு மாதிரி இருந்தது. பழுக்காததை ரசிப்பது விதிமீறல். ஏழு அதிகாரிகள் வரிசைப்படி, ஒரே இடத்தில், கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் கையொப்பமிட்டால்தான் அது பழம்.

மூன்றாம் கையொப்பத்தன்று அது பக்குவமாகப் பழுத்திருந்தது. இன்றைக்கே சாப்பிட்டுவிடட்டுமா என்று எழுத்தர் துணை இயக்குநரிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"இன்னும் நாலு விரல் பாக்கி இருக்கேப்பா. முறைன்னு ஒண்ணு வேண்டாமா?"

நாலாவது விரல் விடுப்பில் இருந்தது. ஐந்தாவது விரல் கூட்டத்துக்குப் போயிருந்தது. ஒன்பதாம் நாள் ஏழாவது அதிகாரி அமுக்கியபோது விரல் கொட்டை வரைக்கும் போனது. "நல்லாவே பழுத்திருக்கு" என்று கையைத் துடைத்துக்கொண்டு கையொப்பமிட்டார்.

ரசனைக் குழு கூடியது. பழத்தைப் பிளந்தால் உள்ளே கன்னங்கரேல் என்று இருந்தது, நாற்றம் குடலைப் பிடுங்கியது. எழுத்தர் மகளை நினைத்துக்கொண்டு, கண்ணை மூடி விழுங்கினார்.

"அமிர்தம் சார்."

கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள். இயக்குநரும் ஆசையாய் ஒரு கரண்டி எடுத்தார். முகம் அஷ்டகோணலானது. ஆனால் சுற்றறிக்கை விட்டவரே துப்ப முடியுமா? வெளிநாட்டில் சாப்பிட்ட பழமும் இதே ருசிதான் என்று சொல்லிவைத்தார். பிறகு குழுவில் மற்றவர்கள் சாப்பிடாமல் தப்பிப்பது எப்படி?

சாயங்காலமே உத்தரவு வந்தது. இத்தகைய ரசனை மிக்க ஊழியரைத் தலைமையகம் இழக்க இயலாது. மாற்றல் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. அன்னார் பழச்சான்று அலுவலராகப் பதவி உயர்த்தப்படுகிறார். இனிமேல் எட்டு விரல். எல்லாரும் கைகுலுக்கி வாழ்த்தினார்கள். மனைவிக்குப் போன் செய்ய அவருக்கு இரண்டு நாள் தைரியம் வரவில்லை.

அடுத்த மாதம் தட்டச்சர் ஒருத்தி, ஏழு கையொப்பமும் ஒரு பழமுமாக அவர் மேஜைக்கு வந்தாள். ஊரில் அம்மா படுத்த படுக்கையாம். அவளுக்கும் மாற்றல் வேண்டும்.

"சார், இது அழுகிப்போச்சு. உங்களுக்கே தெரியும். வேற பழம் கொடுக்கச் சொல்லுங்க சார்."

அவருக்கு நன்றாகவே தெரியும். தான் சாப்பிட்டது அழுகல் என்று இப்போது எழுதினால், வாங்கிய பதவி என்னாவது? எதிர் மேஜையில் துணை இயக்குநர் வேறு நிமிர்ந்து பார்த்தார்.

"அமிர்தமா இருக்கும்மா, சாப்பிட்டுப் பாருங்க" என்று சொல்லி, அதே இடத்தில் அமுக்கினார்.