வாங்க வருகிறவருக்காக ஒரு ஜன்னல்

வீடு கட்டுகிறவர்களைத் தெரியும். வீடு வாங்குகிறவர்களைத் தெரியும். வாடகை கொடுக்காமல் வீட்டுக்காரரையே மிரட்டுகிறவர்களையும் உங்களுக்குத் தெரியும். நான் சொல்லப்போவது வேறு ஓர் இனம்: வீட்டை விற்கப்போகிறவர். குடியிருக்கிற காலம் முழுக்க அந்த வீட்டில் ஓர் ஆணிகூட அடிக்க மாட்டார். விற்பது என்று முடிவான மறுநாள் காலை, பல்கூடத் துலக்காமல், ஸ்க்ரூடிரைவரும் கையுமாக எழுந்து நிற்பார்.

அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். இவர் வீட்டுக் குளியலறைக் குழாய் வருடக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருக்கும். அதன் கீழே இருக்கும் பக்கெட் அந்த வீட்டின் நிரந்தர ஊழியர். தாழ்ப்பாள் கழன்று எந்தக் காலமோ ஆகியிருக்கும், ஆகவே உள்ளே போகிறவர் பாட்டுப் பாட வேண்டும், விருந்தாளியாக இருந்தாலும் பாடத்தான் வேண்டும், பாடத் தெரியாதவர் இருமலாம். ஹால் விளக்கின் ஸ்விட்சை விரலால் தட்டினால் எரியாது, முஷ்டியால் குத்த வேண்டும். இதையெல்லாம் மனைவி ஞாபகப்படுத்தினால் இவர் நாளிதழை இறக்காமலே ஒரு பதில் சொல்வார்: "இப்ப என்ன குடியா முழுகிப்போச்சு? பாத்துக்கலாம்."

எப்போது பார்ப்பார்? விற்கும்போது பார்ப்பார்.

என் எதிர் ஃப்ளாட் உத்தமனையே எடுத்துக்கொள்ளுங்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொல்கத்தா ஜாதவ்பூரில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருபத்துமூன்று வருடமாக இருந்தவர். குடிப்பழக்கம் கிடையாது, கோள் சொல்ல மாட்டார், பெயருக்கேற்ற மனிதர்தான். அவர் மனைவி நீலாவதி, கரியாஹாட் காய்கறிக்காரர்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேரம் பேசி, கடைசியில் கொத்துமல்லியை ஓசியில் வாங்கி வருகிறவர். வெளியே இத்தனை வெற்றி கண்ட அந்த அம்மாள், வீட்டுக்குள் ஒரே ஒரு ஜன்னல் விஷயத்தில் இருபத்துமூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தார்.

படுக்கையறையில், தெற்கு பார்த்த பெரிய ஜன்னல் அது. குடிவந்த அன்றே உத்தமன் அதைப் பார்த்து முகம் சுளித்து, "தெற்கு எமன் திசை" என்று சொல்லி, இரும்புப் பீரோவை அதன் மேலேயே சாத்தி நிறுத்திவிட்டார். கொல்கத்தாவின் சித்திரைப் புழுக்கம் எப்படி என்று இங்கே ஒரு ராத்திரி படுத்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மின்விசிறி சுற்றும், வேர்வையும் கூடவே ஊற்றும்.

"ஏங்க, அந்தப் பீரோவக் கொஞ்சம் தள்ளி வெச்சா என்ன? மூச்சு முட்டுது."

"எமன் வருவான்."

"இந்த வேக்காட்டுல நானே போய்ச் சேந்துடுவேன் போல இருக்கு. அவன் வேற எதுக்கு மெனக்கெட்டு வரணும்?"

"பாத்துக்கலாம்."

இப்படியே இருபத்துமூன்று சித்திரை போயிற்று. போன தை மாதம், மகன் சாய்ராம் சென்னையிலிருந்து, "இனிமே அங்க என்னப்பா தனியா, வந்துடுங்க" என்றான். வீட்டை விற்பது என்று முடிவாயிற்று. மறுநாள் மத்தியானம் நான் கண்ணயர்ந்த நேரம் பார்த்து எதிர் வீட்டில் டிரில்லிங் மெஷின் அலற ஆரம்பித்தது. அன்றிலிருந்து ஒரு மாதம் எனக்குப் பகல் தூக்கம் கிடையாது. இந்தக் கட்டுரையில் கொஞ்சம் காரம் கூடுதலாக இருந்தால் காரணம் அதுதான்.

தாழ்ப்பாள் வந்தது. ஸ்விட்ச் வந்தது. நீலாவதி பத்து வருடமாகக் கேட்ட சமையல்மேடைக் கிரானைட், வாய் திறந்து கேட்காத ஒரு புகைபோக்கியோடு சேர்ந்து வந்தது. குழாய்க்காரர் வந்து ஏதோ திருகினார், சொட்டு நின்றது.

"இவ்வளவுதானா?" என்று நீலாவதி கேட்டார்.

"அஞ்சு நிமிஷ வேலை பௌதி. வெறும் வாஷர்" என்றார் குழாய்க்காரர், அண்ணி முறை வைத்து.

நீலாவதி காலிப் பக்கெட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் நான் உத்தமனாக இருந்திருந்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போயிருப்பேன். அவரோ உற்சாகமாக, "வாங்க வர்றவங்க என்ன நினைப்பாங்க சொல்லு?" என்றார். அந்த மாதம் முழுக்க அவர் வாயில் இதுதான் மந்திரம். புது மேடையில் மிளகாய் தாளிக்கக் கூடாது, வாங்க வர்றவங்களுக்கு நெடி அடிக்கும். புதுப் பெயிண்ட் அடித்த சுவரில் சாயக் கூடாது, எண்ணெய்த் தலை. தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும் என்று பெரியவர்கள் சொன்னது இவர் காதில் விழவே இல்லை. முகம் தெரியாத ஒருவருக்கு அவர் காட்டிய பரிவில் பாதியை அந்த அம்மாளிடம் காட்டியிருந்தால் அவருக்குக் கோயில் கட்டியிருப்பார்கள்.

எல்லாவற்றையும் சரிசெய்த உத்தமன் ஒரு குறையை மட்டும் மறைக்கப் பார்த்தார். என்ன குறை? அதே தெற்கு ஜன்னல்தான். பீரோவுக்கு மேல் ஒரு பூப்போட்ட திரையையும் தொங்கவிட்டார்.

தரகர் நிமாய் பாபு வந்த அன்று நானும் அங்கே இருந்தேன். அறை அறையாகப் பார்த்தவர் படுக்கையறையில் நின்று, "தாதா, தெற்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். உத்தமனுக்கு வேர்த்துவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம் மூத்தவள் ஓடிப்போனதைச் சொல்கிற தகப்பன் குரலில், "தெற்கா... கொஞ்சம் இருக்கு... பீரோ வெச்சு மறைச்சாச்சு" என்றார்.

நிமாய் பாபு திரையை விலக்கிப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். "தொக்கின் கோலா! தாதா, இந்த ஊர்ல தெற்கு திறந்த வீடுன்னா அடிச்சுக்குவாங்க. ஜனங்க அதுக்குத்தான் அலையறாங்க. நீங்க அங்க கொண்டுபோய்ப் பீரோவ நிறுத்தியிருக்கீங்களே!"

அவரும் உத்தமனும் நானுமாகப் பீரோவைத் தள்ளினோம். துருவேறிய கொக்கிக்கு எண்ணெய் விட்டு ஜன்னலைத் திறந்ததும், மாசிக் காற்று ஒரே வீச்சாக உள்ளே வந்து காலண்டரைக் கீழே தள்ளியது. தெற்கிலிருந்து வரும் காற்றுக்குத் தென்றல் என்று பெயர் சூட்டிக் கொஞ்சிய தமிழ்க்கூட்டம் நாம். பெயர் சூட்டிவிட்டு, அது வருகிற வழியில் பீரோவை வைத்தோம். நீலாவதி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, முந்தானையை விலக்கிக் கழுத்தை அந்தக் காற்றில் காட்டினார். 

நிமாய் பாபு படி இறங்கியதும் உத்தமன் என்ன செய்தார் தெரியுமா? ஜன்னலைச் சாத்தினார்.

"ஏங்க?"

"தூசி வரும். புதுப் பெயிண்டு. ஆள் பாக்க வர்றப்போ திறந்துக்கலாம்."

அதற்கப்புறம் நீலாவதி தினமும் காலையில் கேட்க ஆரம்பித்தார்: "இன்னிக்கி யாராச்சும் வீடு பாக்க வர்றாங்களா?" யாராவது வந்தால் ஜன்னல் திறக்கும், அந்த அம்மாளுக்கு இருபது நிமிடம் காற்று கிடைக்கும். வீடு பார்க்க வந்தவர்களுக்கு அவர் அத்தனை சிரத்தையாக டீ போட்டுக் கொடுத்ததற்கு வேறு காரணமே கிடையாது.

கடைசியில் சந்திரிமா என்று கல்லூரியில் பாடம் நடத்துகிற ஒரு பெண்ணுக்குப் பிடித்துவிட்டது. பேச்சு முடிந்த அன்று சந்தேஷ் இனிப்புத் தட்டோடு எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். "அடுத்த வாரமே சாவி கொடுத்துடறோம்" என்று உத்தமன் தாராளமாகச் சொன்னார். அதுவரை வாயே திறக்காத நீலாவதி, சந்திரிமா பக்கம் திரும்பி நல்ல வங்காளத்தில் கேட்டார்.

"வருஷப்பிறப்பு வரைக்கும் நாங்க இங்க இருந்துக்கலாமா? ஒரு மாசம்தான். இந்த வீட்ல நான் இன்னும் குடியே இருக்கலம்மா."

சந்திரிமா புதுக் குழாயைப் பார்த்தாள், கிரானைட்டைப் பார்த்தாள், தள்ளி நின்ற பீரோவைப் பார்த்தாள். பெண்களுக்கு இதெல்லாம் விளக்க வேண்டியதில்லை போலும். "ரெண்டு மாசம் இருங்க மாஷிமா" என்றாள். உத்தமன் மட்டும், "எதுக்கு அவங்களுக்குச் சிரமம்?" என்றார்.

ஆனால் இந்த இனம் அவ்வளவு சுலபத்தில் திருந்துமா? "நீலா, சூட்டுப் பாத்திரத்த வைக்காதே, அது அவங்க கல்லு." "நீலா, ஜன்னலச் சாத்து, அவங்க பெயிண்டு." இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தார் அந்த அம்மாள். மூன்றாம் நாள் உத்தமன் வங்கிக்குப் போன நேரத்தில் பழைய சாமான்காரரைக் கூப்பிட்டு, துணிமணியை எடுத்து வைத்துவிட்டுப் பீரோவைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். ஜன்னல் கதவுகளையும் கயிறு போட்டுக் கம்பியில் இழுத்துக் கட்டினார். முடிச்சு சாதாரண முடிச்சில்லை. எமன் கடைசிவரை வரவில்லை. தாளிக்கிற வாசனை மட்டும் ஒரு மாதம் எங்கள் வீட்டுக்குத் தினமும் வந்தது.

சித்திரை பிறந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். தாம்பரம் பக்கம், மகன் வீட்டுக்கு அருகில் ஒரு பழைய ஃப்ளாட்டை வாங்கியிருக்கிறார்கள். போன வாரம் உத்தமனுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் நீலாவதி.

"புது வீடு எப்படிம்மா இருக்கு?"

"நல்லா இருக்குண்ணா. பாத்ரூம் குழாய்தான் சொட்டிட்டு இருந்துச்சு."

"பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பாரே?"

"சொன்னாரு. நான் சண்டையே போடல. எனக்கு இந்த வீடு பிடிக்கல, வித்துடலாம், ஞாயித்துக்கிழமை ஆள் பாக்க வருதுன்னு சொல்லிட்டேன். காலையிலேருந்து ஸ்பானரோட பாத்ரூம்லதான் இருக்காரு. அடுத்து ஜன்னலுக்கு எண்ணெய் போடணுமாம்."

"ஞாயித்துக்கிழமை யாரும்மா வர்றாங்க?"

"யாரும் வரலண்ணா" என்று சொல்லி அந்த அம்மாள் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

நானும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சிரிக்கவில்லை. எங்கள் ஹால் ஸ்விட்சை முஷ்டியால் இரண்டு குத்து குத்தி விளக்கைப் போட்டுவிட்டு, "அந்த நிமாய் பாபு நம்பர் உங்ககிட்ட இருக்கா?" என்று கேட்டாள்.

ஆகவே, ஐயா, இந்த ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்க யாரோ வருகிறார்கள் என்று உங்கள் வீட்டில் சொன்னால், யார் என்ன என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். எழுந்து போய் அந்தக் குழாயைப் பாருங்கள்.