மாப்பிள்ளையின் காருக்கு மாமனார் பார்த்த மூட்டு வைத்தியம்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கு நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் காரும் நலம். இந்தக் கடைசி வாக்கியத்தை மனதில் நன்றாக இருத்திக்கொண்டு மேற்கொண்டு படிக்கவும். இடையில் எங்காவது நெஞ்சு படபடத்தால் மறுபடி மேலே வந்து அதை ஒரு முறை வாசித்துக்கொள்ளவும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் முதல் வரியிலேயே நீங்கள் "ஐயோ மாமா" என்று ஆரம்பித்துவிடுவீர்கள், நான் சொல்ல வந்தது தொண்டையோடு நின்றுவிடும். கடிதத்தில் அந்தத் தொந்தரவு இல்லை. கூரியரில் அனுப்புகிறேன், நீங்கள் கிளம்புவதற்குள் கைக்கு வந்துவிடும்.

நீங்கள் வெளிநாடு கிளம்பும்போது, வாரம் ஒரு தடவை வண்டியைக் கிளப்பித் தெருவில் ஒரு சுற்று சுற்றிவிட்டு நிறுத்துங்கள், வேறு எதுவும் செய்யாதீர்கள் என்று சொன்னீர்கள். அந்தப் பிற்பகுதியை நான் பொதுவான அறிவுரையாக எடுத்துக்கொண்டேன். சுற்றத்தான் செய்தேன். கொஞ்ச நாளாக வேகத்தடையில் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்பக்கம் இடது ஓரத்திலிருந்து "டொக்" என்று ஒரு சத்தம். டிக்கியில் ஏதாவது உருளுகிறதா பாருங்கள் என்றாள் உங்கள் அத்தை. வாழ்நாள் முழுக்கக் கடை கடையாக ஏறி இறங்கித் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்தியவன் நான். எது எங்கே சரியாக உட்காரவில்லை என்பது காதில் விழுந்தாலே எனக்குத் தெரிந்துவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் வண்டியைத் தூக்கி, சக்கரத்தின் மேலும் கீழும் கையை வைத்து ஆட்டிக் காட்டினார். விழப்போகும் பல் மாதிரி ஆடியது. பால் ஜாயிண்ட் தேய்ந்துவிட்டதாம். நம் தோள்பட்டையில் குழிக்குள் குண்டு உட்கார்ந்து சுழல்கிறது அல்லவா, அதே மாதிரி சக்கரத்தையும் வண்டியையும் சேர்த்துப் பிடித்திருக்கும் மூட்டு அது. முழுதாகக் கழன்றால் சக்கரம் மடங்கி வண்டி மூக்குக் குப்புற விழுந்துவிடும், இனி ஓட்டாதீர்கள், மாற்றினால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றிவிடுங்கள் என்றார். சொன்ன வாயோடு, தான் மச்சினன் கல்யாணத்துக்குக் கிளம்புவதாகவும், வந்த பிறகுதான் கை வைக்க முடியும் என்றும் சொன்னார். நீங்களோ அடுத்த வாரம் வந்து இறங்குகிறீர்கள். மூக்குக் குப்புற விழும் வண்டியிலா மாப்பிள்ளையை அழைத்துவர விமான நிலையம் வருவது? வேறு மெக்கானிக்கே ஊரில் இல்லையா என்று உங்கள் அத்தை இன்றைக்கும் கேட்கிறாள். ஒரு நட்டு, மூன்று போல்ட். இதற்கு எதற்கு இன்னொரு மெக்கானிக்? போனில் ஒருவர் இதைச் செய்து காட்டும் வீடியோ பார்த்தேன். டம்ளரில் ஊற்றிய காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டார். கடையில் இரண்டு புது ஜாயிண்ட் வாங்கினேன், தூக்கிய வண்டியை இறங்காமல் நிறுத்தும் தாங்கு கட்டைகளை இரவல் வாங்கினேன், ஞாயிற்றுக்கிழமை காலை வாசலில் வேலையை ஆரம்பித்தேன்.

முதலில் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினேன். அழகாகத் தூக்கியது. பிறகு சக்கரத்து நட்டில் ஸ்பேனரை மாட்டித் திருப்பினேன். நட்டு திரும்பவில்லை, சக்கரம் திரும்பியது. நான் வேகமாகத் திருப்பத் திருப்ப அதுவும் வேகமாகச் சுற்றியது. நாற்காலி போட்டு உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்த உங்கள் அத்தை தலையை நிமிர்த்தாமலே, "இறக்கிட்டு தரையில வச்சு நட்டைத் தளர்த்துங்க, அப்புறமா தூக்குங்க" என்றாள். நானும் அதைத்தான் அடுத்ததாகச் செய்ய இருந்தேன். அவள் முந்திக்கொண்டாள், அவ்வளவுதான். சக்கரம் கழன்றது, தாங்கு கட்டை ஏறியது, வண்டியைத் தள்ளிப் பார்த்தேன், மலை மாதிரி நின்றது. ஜாயிண்டின் நட்டும் பெரிய எதிர்ப்பில்லாமல் வந்துவிட்டது. ஆனால் நட்டுப் போன பிறகும் அந்த ஜாயிண்ட் தன் துளையை விட்டு அசையவில்லை. வீடியோக்காரர் பக்கவாட்டில் சுத்தியலால் ஒரே தட்டு தட்டினார், அது பொதுக்கென்று கீழே வந்தது. நான் தட்டினேன். பிறகு அடித்தேன். பிறகு, மாப்பிள்ளை, மன்னிக்கவும், சாத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல்கள் திறந்தன. பக்கத்து வீட்டு டியூஷன் டீச்சர் மதில்மேல் எட்டிப் பார்த்து, பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு ஓடவில்லை, இன்னும் எவ்வளவு நேரம் என்றார். மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் இறங்கி வந்து, உள்ளே வேர் வளைந்திருந்தால் இப்படித்தான் வராது என்று தன் அனுபவத்தைச் சொல்லிவிட்டு, கை கழுவியாகிவிட்டது என்று மேலே போய்விட்டார். துரு இளக்கும் எண்ணெயை ஊற்றிவிட்டு, அது ஊறும்வரை எதற்கு எழுந்திருப்பது என்று வண்டிக்கு அடியிலேயே மல்லாந்து படுத்திருந்தேன். நிழலாக இருந்தது. தரை குளிர்ச்சியாக இருந்தது. உங்கள் அத்தை கீரையை அடுப்பில் வைக்க உள்ளே போனாள். நான் கண்ணை லேசாக மூடினேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் உங்கள் அப்பா வந்தார்.

சம்பந்தி எங்கள் வீட்டுக்கு எப்படி வருவார் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உங்கள் கல்யாணத்தன்று என் மகளை மண்டபத்துக்கு அழைத்துப்போக அவர் ஓட்டிய காரில் நான் முன்சீட்டில் உட்கார்ந்து போனதிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. அவர் வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர். நான் வழிநெடுக என் பக்கத்தில் இல்லாத பிரேக்கை அமுக்கிக்கொண்டே போனேனாம். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டி, நீங்களே ஓட்டுங்கள் என்று சாவியை நீட்டினாரே, அதோடு சரி. கொடுக்க வேண்டியது எதுவானாலும் கேட்டுக்கு வெளியே நின்று உங்கள் அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போவார். வாசற்படி மிதித்தது கிடையாது. அன்றும் உங்களுக்கு வந்த தபால்களை ஒரு பையில் போட்டு எடுத்து வந்திருக்கிறார். கேட்டுக்கு மேலாகப் பார்த்தால், சக்கரம் இல்லாத கார், பக்கத்தில் கிடக்கும் சுத்தியல், வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு கால்கள். கூப்பிட்டாராம். நான் தூங்கவில்லை, கண் மூடியிருந்தேன், ஆனாலும் காதில் விழவில்லை. அடுத்து எனக்குத் தெரிந்தது, யாரோ என் இரண்டு கணுக்காலையும் பிடித்துச் சிமெண்டுத் தரையில் தரதரவென்று இழுக்கிறார்கள். சட்டை கழுத்துவரை சுருண்டுவிட்டது. முதுகுத் தோல் கொஞ்சம் தரையோடு தங்கிவிட்டது. வெளியே வந்து கண்ணைத் திறந்தால், தலைக்கு மேல் சம்பந்தியின் முகம். வெளுத்துப்போயிருந்தது.

"சம்பந்தி, சம்பந்தி, உயிரு இருக்கா?"

"இருக்கு. காலை விடுங்க."

விட்டார். விட்டுவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். உங்கள் அத்தை கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்பை ஒரே மூச்சில் கவிழ்த்ததில், பாதித் தண்ணீர் சட்டையில்தான் போனது. "பால் ஜாயிண்ட் மாத்துறேன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் இத்தனை வருஷம் பஸ் ஓட்டிருக்கேன், ஒரு நாள் அடியில படுத்ததில்ல. உங்களுக்கு இந்த வயசுல இது தேவையா?" என்றார். பிறகு சட்டையைக் கழற்றிக் கேட்டில் மாட்டினார். "தள்ளிப் படுங்க" என்றார்.

அவருக்கும் ஒன்றும் தெரியாது, மாப்பிள்ளை. இதை நான் பொறாமையில் சொல்லவில்லை, அவரே சொன்னது. ஆனால் தெரியாத இரண்டு பேர் சேர்ந்தால் தனி தைரியம் வந்துவிடுகிறது. ஜாயிண்டைத் தாங்கும் கீழ் இரும்புக் கையில் கடப்பாரையைக் கொடுத்து அவர் தன் முழு எடையையும் போட்டு அழுத்தினார், நான் பக்கவாட்டில் அடித்தேன். நாலைந்து அடிக்குப் பிறகு மூச்சு வாங்க நிறுத்தினோம். முகத்துக்கு முகம் ஒரு சாண் தூரம். எழுந்து போகவும் இடமில்லை, வேறு பக்கம் திரும்பவும் இடமில்லை. அப்போதுதான் அவர் கேட்டார்.

"அன்னிக்கு நான் ஓட்டினது உங்களுக்குப் பிடிக்கலைன்னா, வாயால சொல்லிருக்கலாம்ல? அந்தக் காலால அமுக்குனீங்க பாருங்க, அதுதான்."

"வேகமா போனீங்க."

"உங்க பொண்ணு நேரத்துக்குப் போயி நிக்கணுமேன்னுதான் போனேன்."

சுத்தியலை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கடப்பாரையை நான் வாங்கிக்கொண்டேன். அவர் ஓங்கி ஒன்று வைத்தார். வெடி வைத்த மாதிரி ஒரு சத்தம். ஜாயிண்ட் துளையைவிட்டுக் கீழே வந்துவிட்டது. டியூஷன் வீட்டில் பிள்ளைகள் கை தட்டினார்கள். நாங்கள் இருவரும் தார் பூசிய மாதிரி முகத்தோடு படுத்தபடியே சிரித்துக்கொண்டிருந்தோம். உங்கள் அத்தை குனிந்து பார்த்துவிட்டு, உலையில் இன்னொரு பிடி அரிசி போட உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு வேலை தண்ணீர் பட்ட பாடு. இடதை மாற்றிப் போல்ட்டுகளை முறுக்கி, நட்டு கழலாமல் பிடிக்கும் பின்னைக் குத்தி வளைத்தோம். சாப்பாட்டுக்குப் பிறகு வலது. அதற்குள் எங்களுக்குக் கை பழகிவிட்டது. யார் எப்போது அடிப்பது, யார் எப்போது அழுத்துவது என்று வாய் திறக்க வேண்டியிருக்கவில்லை. அந்த நேரம் முழுக்க நாங்கள் உங்கள் இருவரையும் பற்றித்தான் பேசினோம். விவரம் எழுதவில்லை, கவலை வேண்டாம், பெரும்பாலும் நல்லதுதான். மாலையில் சம்பந்தி ஓட்ட, நான் முன்சீட்டில் உட்கார, தெருக்கோடி வேகத்தடைவரை போய் வந்தோம். டொக் இல்லை. அவர் கொஞ்சம் வேகமாகத்தான் போனார். நான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தேன். ஸ்டீயரிங் மட்டும் நேராகப் போகும்போது இடப்பக்கம் லேசாகத் தலை சாய்த்து நிற்கிறது. சக்கரங்களை நேர்படுத்தும் கடையில் ஒரு முறை காட்டிவிட்டால் அதுவும் நிமிர்ந்துவிடும். ஆக, உங்கள் காரின் முன்பக்க மூட்டுகள் இரண்டும் இன்று புத்தம்புதியவை என்பதை என் முத்திரை குத்தித் தெரிவித்துக்கொள்கிறேன். நீங்கள் வரும் அன்று நானும் சம்பந்தியும் ஒரே வண்டியில், அதே வண்டியில், விமான நிலையம் வருகிறோம்.

என் மகளிடம் என் முதுகைப் பற்றிச் சொல்ல வேண்டாம். நீங்கள் இருவரும் எந்தக் குறையும் இல்லாமல், ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்காமல், நீண்ட காலம் சேர்ந்தே நலமாக வாழ எங்கள் இருவரின் ஆசிகள். சம்பந்தியும் தன் ஆசிகளை என் கடிதத்திலேயே சேர்த்துவிடச் சொன்னார்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டுவிட்டேன், மறுபடி பிரித்து எழுதுகிறேன். வாசலைக் கூட்டிய உங்கள் அத்தை ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். காலிப் பெட்டி அவ்வளவு கனக்காது. உள்ளே ஒரு பால் ஜாயிண்ட், கடையில் போட்ட பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் இருக்கிறது. யோசித்துப் பார்த்தோம். வலப்பக்கம் கழற்றிய பழையதைச் சம்பந்தி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பதற்காக மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பளபளவென்று ஆக்கி வைத்தார்; நான் கையை நீட்டினேன்; அவர் கொடுத்தார்; நான் மாட்டிவிட்டேன். அதாவது, வலப்பக்கத்தில் பழைய ஜாயிண்டைப் படாத பாடுபட்டுக் கழற்றி, குளிப்பாட்டி, அதே இடத்தில் திரும்ப உட்கார வைத்திருக்கிறோம். ஆகவே, எதற்கும் விமான நிலையத்திலிருந்து நீங்கள் டாக்ஸியில் வந்துவிடவும். சம்பந்திக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். முழுதாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப நான் காலையிலயே வந்துடட்டுமா, சம்பந்தி?" என்றார். குரலில் வருத்தம் இருந்ததாக என்னால் சொல்ல முடியாது. வாருங்கள் என்றேன். "இடப்பக்கத்தையும் ஒரு தடவை கழட்டிப் பாத்துடலாமா?" என்றார். பார்த்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.