கேஜ் வாயில் நுழைந்த போன்

ஒரு மகத்தான முடிவு எடுத்தேன். இனி என் சட்டைப் பையில் பத்து மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான எந்தப் பொருளுக்கும் இடம் கிடையாது!

சிரிக்காதீர்கள். என் பிழைப்பே அதுதான். பெயர் ஜெபராஜ். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கிற சூப்பர்வைசர். காலையிலிருந்து சாயங்காலம் வரை என் கையில் ஒரு கேஜ் இருக்கும். மேலே கடிகாரம் மாதிரி ஒரு முகம், கீழே பத்து மில்லி அகலத்தில் ஒரு சின்ன வாய். அந்த வாயில் தோலைக் கொடுத்தால் எத்தனை மில்லி என்று முள் காட்டிவிடும். கொஞ்சம் ஜாஸ்தியா, ரிஜெக்ட். கொஞ்சம் கம்மியா, அதுவும் ரிஜெக்ட். வேலை முடிந்தாலும் கேஜைப் பிரிய மனசு வராது. பையிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். கல்யாணமான புதிதில் தோசையின் ஓரத்தைக் கேஜில் வைத்துப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்க எனக்கு ரொட்டிதான், அதுவும் பேக்கரி ரொட்டி.

மனைவி பெயர் தேவகிருபை. ஊரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். ஆள் மெல்லிசு, குரல் தடிமன்.

தொல்லை ஆரம்பித்தது என் உடம்பில். பிரஷரும் கொழுப்பும் ஏறியிருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வருவதற்குள் கிருபை அதைச் சட்டமாக்கிவிட்டாள். ராத்திரி கேழ்வரகுக் கஞ்சி. பிரியாணி இந்த ஜென்மத்துக்கு இல்லை. ஆம்பூரில் இருக்கிறவனிடம் பிரியாணி சாப்பிடாதே என்பதற்கு, பேசாமல் ஊரைவிட்டே போ என்று சொல்லியிருக்கலாம்.

சட்டம் போட்டால் போதுமா, போலீஸ் வேண்டாமா? அதற்குத்தான் செல்போன். அது இரண்டாயிரத்து ஆறாம் வருஷம். ஊரில் எல்லோர் கையிலும் போன் முளைத்துக்கொண்டிருந்த நேரம். கிருபை எனக்கொன்று தனக்கொன்று என்று இரண்டு போன் வாங்கியிருந்தாள். செங்கல்லுக்குத் தம்பி மாதிரி இருக்கும். தலையில் டார்ச். ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் போட்டால் அடுத்த ஞாயிறு வரை உயிர் போகாது. கம்பெனி சங்கு ஊதி நான் பிரியாணிக் கடையில் போய் உட்கார்ந்ததும் பை அலறும்.

"இன்னாங்க, எங்க இருக்கீங்க?"

"இப்பதான் கிளம்பறேன் கிருபை."

"பின்னாடி கரண்டி சத்தம் கேக்குதே?"

"அது... சைக்கிள் பெல்."

"சைக்கிள் பெல்லு அண்டாவ சுரண்டாதுங்க. நேரா வீட்டுக்கு வாங்க."

ஒரு மனிதன் இலை முன்னால் உட்கார்ந்து, கை கழுவி, முதல் பிடி எடுக்கிற நேரத்தில் எழுந்து வருவதன் வேதனை உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியும். மூன்று முறை தெரியும்.

என் நெருங்கிய தோஸ்த் மக்பூல் அகமது. பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கிறான். மேல்மாடியிலேயே வீடு. அவனிடம் போய் அழுதேன். அவன் ஆறுதல் சொல்லத் தெரியாதவன், வியாபாரம் தெரிந்தவன். கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு போனை எடுத்து நீட்டினான். வெள்ளி நிறம். பிஸ்கட் மாதிரி மெல்லிசு. என்னையறியாமல் கேஜை எடுத்து அதன் வாயில் போனைக் கொடுத்தேன். உள்ளே போனது! என் வாழ்க்கையில் கேஜ் வாயில் நுழைந்த முதல் போன் அதுதான்.

"அழகா இருக்குதுல்ல? ஆனா தோஸ்துங்கறதால உண்மைய சொல்லிடறேன். சார்ஜ் நிக்காது பா" என்றான் மக்பூல். "உள்ள பேட்டரி வைக்க எடமே இல்ல. கொஞ்சம் ஜாஸ்தி நோண்டுனா அஞ்சு மணிக்கெல்லாம் படுத்துக்கும்."

"இன்னா சொன்ன?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு செத்துரும்னேன்."

"சங்கு ஊதறது அஞ்சரைக்கு."

"ஆமா, அதுக்கு இன்னா?"

"இதையே குடு!"

மக்பூல் என்னை ஒரு மாதிரி பார்த்தான். சார்ஜ் நிற்காது என்பதற்காகவே போன் வாங்கிய முதல் ஆள் நான்தான் என்று பிறகு கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னானாம்.

வீட்டில் கிருபை போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்குது. அந்த போனுக்கு இன்னா கேடு?"

"ஆர்டர் குடுக்கற பையர் எல்லாம் வர்ற எடத்துல செங்கல்ல தூக்கிட்டு நிக்க முடியுமா? கௌரவம்னு ஒண்ணு இருக்குதுல்ல?"

"சார்ஜ் நிக்குமா?"

இந்தக் கேள்விக்குத்தான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு, காலை ஆட்டிக்கொண்டு, ஒரு சின்னப் பிரசங்கமே செய்தேன்.

"கிருபை, இது சயின்ஸ். தடியா இருக்கறதுல சரக்கு ஜாஸ்தி. ஒரு தடவ ஏத்துனா ஒரு வாரம் தாங்கும். மெல்லிசா இருக்கறதுல எடம் கம்மி. அதுக்கு அடிக்கடி ஏத்திக்கிட்டே இருக்கணும். மெல்லிசும் வேணும், சார்ஜும் நிக்கணும்னா நடக்காது. ஒண்ணு வேணும்னா ஒண்ண விடணும்."

"அப்படிங்களா?" என்றாள். அவ்வளவுதான். சண்டை இல்லை, குறுக்குக் கேள்வி இல்லை. அந்த "அப்படிங்களா"வை அப்போதே கேஜில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

அப்புறம் வந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் வாய் ஊறுகிறது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போனில் பாம்பு விளையாட்டு ஆடுவேன். பாம்பு நீளமாக ஆக ஆக பேட்டரிக் கோடு குட்டையாகும். சங்கு ஊதும்போது போன் முழுசாகக் கண்ணை மூடியிருக்கும். மக்பூல் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வருவான். இரண்டு பேரும் உட்கார்ந்தால் இலை, கத்தரிக்காய் தொக்கு, வெங்காயம், அப்புறம் ஆவியோடு அது. ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள். நிம்மதி என்பது தட்டில் வைத்துப் பரிமாறக் கூடிய பொருள் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

வீட்டுக்குப் போனால், "போன் ஆஃப்னு வந்துச்சே?" என்பாள்.

"மெல்லிசும்மா. இன்னா பண்றது?" என்பேன். பிறகு நல்ல பிள்ளையாகக் கஞ்சியையும் குடிப்பேன். தியாகம் என்றால் அதுதான் தியாகம்.

இப்படியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் கிருபை சொன்னாள்: "அந்தக் கேஜக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கு?"

"எங்க ஆஸ்பத்திரில டயட் பாக்கற மேடம் இடுக்கி மாதிரி ஒண்ணு வெச்சு சதையக் கிள்ளி கொழுப்பு அளக்கறாங்க. உங்க கேஜும் அத மாதிரிதான இருக்குது? சட்டையத் தூக்குங்க."

தூக்கினேன். தொப்பை கேஜ் வாயில் நுழையவில்லை. கிருபை சிரிக்கவில்லை, நர்ஸ் அல்லவா. "செங்கல் போன் கேஸு" என்று சொல்லிவிட்டு முன்கையைப் பிடித்து, கொஞ்சம் சதையைக் கிள்ளி, கேஜில் வைத்து, முள்ளைப் பார்த்து மனசில் குறித்துக்கொண்டாள். அடுத்த ஞாயிறும் அளந்தாள். அதற்கடுத்த ஞாயிறும். மூன்றாவது ஞாயிறு கேஜை மேஜைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஒரு மில்லி ஏறியிருக்குது. கஞ்சி குடிக்கற மனுஷனுக்கு சதை ஏறுமாங்க?"

"அது... கேஜ் தப்பாக் காட்டுது."

"ஓ! இத வெச்சுத்தான் அவ்ளோ பேரு தோல ரிஜெக்ட் பண்ணிட்டு இருக்கீங்களா?"

என் கேஜ் தப்பு என்று ஒப்புக்கொண்டால் என் மானம் போகும். சரி என்றால் பிரியாணி போகும். எங்கள் கம்பெனியில் என் கேஜ் முள் காட்டியதை முதலாளிகூட மறுத்துப் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "கேஜ் கரெக்ட்" என்றேன்.

திட்டுவாள் என்று காதைத் தயார் செய்துகொண்டேன். அவள் திட்டவில்லை. என் மெல்லிசு போனைக் கையில் எடுத்தாள்.

"பாவம், நீங்க பெரிய பொறுப்புல இருக்கறவரு. சாயங்காலம் பையர் கூப்டா போன் செத்துக் கிடந்தா நல்லாவா இருக்கும்? என்னுத நீங்க வெச்சுக்கங்க. ஒரு வாரம் சார்ஜ் நிக்கும். இத நான் வெச்சுக்கறேன். வார்டுல எனக்கு யாரு கூப்பிடப் போறாங்க?"

என் பழைய செங்கல்லைத்தான் தேவையில்லை என்று அவள் தம்பிக்குக் கொடுத்துவிட்டிருந்தோம். சிம் மாறியது. மெல்லிசு அவள் கைப்பைக்குள் போனது. செங்கல் என் பையில் உட்கார்ந்தது. சட்டை ஒரு பக்கம் இழுத்தது.

"அஞ்சேமுக்காலுக்கு வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றாள்.

"நீ?"

"எனக்கு இனிமே ட்யூட்டி மாத்தி விட லேட்டாகும். ஏழு ஆவும். கஞ்சி டிபன் பாக்ஸ்ல இருக்கும்."

அன்றிலிருந்து என் வாழ்க்கை கஞ்சிக்குள் விழுந்தது. வீட்டுக்கு வருவேன். போன் செய்வேன். சுவிட்ச் ஆஃப் என்று ஒரு பெண் சொல்வாள். கஞ்சி குடிப்பேன். ஏழு மணிக்குக் கிருபை வந்து, "சார்ஜ் போச்சுங்க" என்பாள். வேலைக் களைப்பில் வந்தவளைப் பார்த்து எனக்கே பாவமாக இருக்கும். பஜார் பக்கம் போனால் மக்பூல் என் முகத்தைப் பார்க்காமல் கடைக்குள் எதையோ தேடுவான். என் துக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல்தான் திரும்பிக்கொள்கிறான் என்று நினைத்தேன். உண்மையான நண்பன்!

பிறகு ஒரு நாள் வீட்டுச் சாவியைக் கம்பெனி டிராயரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். கம்பெனி பூட்டியாகிவிட்டது. மற்றொரு சாவி கிருபையிடம். போன் செய்தேன். ஆஃப். ஆஸ்பத்திரிக்கே போனேன். வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

"சிஸ்டரா? அவங்க நாலு மணிக்கே போய்ட்டாங்களே சார்."

"இன்னைக்கு மட்டுமா?"

"தெனமும் அதே டைம்தான் சார்."

எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பிரஷர் பேஷண்ட் வேறு. எங்கே போகிறாள்? ஏதாவது ஆபத்தா? உடம்பு சரியில்லாமல் என்னிடம் மறைத்து எங்காவது வைத்தியம் பார்க்கிறாளா? நல்ல மனைவியை எத்தனை முறை ஏமாற்றியிருக்கிறேன் என்று கண் கலங்கியது. நேராக மக்பூல் கடைக்கு ஓடினேன்.

"மக்பூல், கிருபையக் காணோம் பா!"

மக்பூல் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்தது.

"தோஸ்த், என் வாயக் கெளறாத. எனக்கு ரெண்டு பக்கமும் பேஜாரு. மாடிக்குப் போய் நீயே பாரு."

படியேறும்போதே வாசனை வந்தது. அது கடை வாசனை இல்லை. வீட்டில், நெய் ஊற்றி, அவசரமில்லாமல் தம் போட்ட வாசனை. கதவு திறந்திருந்தது. தரையில் பாய். பாயில் மக்பூலின் மனைவி சுகரா பேகம். எதிரில், காலை மடக்கி உட்கார்ந்து, நல்லி எலும்பைத் தட்டிக்கொண்டிருந்தாள் என் தர்மபத்தினி. பக்கத்தில் வெள்ளி நிறத்தில் மெல்லிசு போன், கண்ணை மூடிப் படுத்திருந்தது.

"கிருபை!"

"வாங்க" என்றாள். எலும்பைக் கீழே வைக்கவில்லை.

"போன் ஏன் ஆஃப்?"

"மத்தியானம் பாம்பு ஆடுனேன். செத்துப் போச்சு."

"தெனமும் இங்கதான் இருக்கியா?"

"நீங்க தெனமும் பிரியாணிக் கடைல இருந்தீங்கல்ல? ராத்திரி மக்பூல் அண்ணன் பசியில்லன்னு சொன்னா சுகரா எனக்குச் சொல்ல மாட்டாளா? மொத நாளே தெரியும். கேஜு சும்மா ஒரு சாட்சிக்கு."

எனக்கு ரோஷம் வந்தது. கையில் பிடி கிடைக்கும் என்று ஒரு கடைசி நம்பிக்கை. பையிலிருந்து கேஜை எடுத்தேன்.

"கையக் காட்டு. கொழுப்பு எவ்ளோ ஏறியிருக்குதுன்னு நானும் பாக்கறேன்!"

கிருபை சந்தோஷமாக இடது கையை நீட்டினாள். கிள்ளி அளந்தேன். திரும்ப அளந்தேன். முள் அசைந்தால்தானே! எங்கள் கம்பெனியில் இந்தத் தடிமனுக்கு முதல் தரம் என்று முத்திரை குத்துவோம்.

சுகரா பேகத்துக்கு என்மேல் இரக்கம் வந்தது. "அண்ணே, நின்னுட்டே இருக்கீங்களே. உக்காருங்க, தட்டு எடுத்துட்டு வர்றேன்" என்று எழுந்தாள். நான் பாயில் பாதி உட்கார்ந்தும்விட்டேன்.

கிருபை அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். சாவியை இடது கையால் எடுத்து என்னிடம் நீட்டினாள்.

"அவருக்கு வேணாம் சுகரா. நான் மெல்லிசு, அடிக்கடி ஏத்திக்கிட்டே இருக்கணும். அவருக்கு இன்னா, ஒரு மாசம் கடைல ஏத்துனது இன்னும் ஒரு வருஷம் தாங்கும்."