பஸ்னா அக்கா அழிக்காத கல்யாணம்

கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று பெயர் எடுத்தவன் லேசில் "எனக்குத் தெரியாது" என்று சொல்லமாட்டான். நான் சொல்லாததால் ஒரு பெண் அழுதார்.

வெள்ளவத்தையில் என் அத்தான் (அக்காவின் கணவர்) ஸ்டூடியோ வைத்திருக்கிறார். அங்கே இரண்டு லினக்ஸ் மெசின், ஒரு அப்பிள் மாக், கல்யாணப் படங்களைச் சேர்த்துவைக்க ஒரு சேர்வர். சேர்வரின் போல்டர் எல்லா மெசினிலும் தானாக இணையும்படி செய்து தருகிறேன் என்று போனேன் (யாரும் கேட்கவில்லை). லினக்ஸில் சில கட்டளை வரிகள் எழுதினேன், உடனே வேலை செய்தது. லினக்ஸும் மாக்கும் ஒரே குடும்பம்தானே என்று, அதே வரிகளை மாக்கிலும் ஒட்டிவிட்டு, சோதித்துப் பார்க்காமலே தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டேன். மாக் என் வரிகளைச் சட்டை செய்யவே இல்லை. சேர்வருக்கென்று நான் அதில் உருவாக்கிய போல்டர் வெறும் போல்டராகவே கிடந்தது.

அல்பம் செய்யும் பஸ்னா அக்கா தெஹிவளையிலிருந்து வருபவர். அந்த வெறும் போல்டரைச் சேர்வர் என்று நம்பி, ஒரு கல்யாணத்தின் படங்கள் அத்தனையையும் அதில் போட்டார். வழக்கம்போல கமரா கார்டுகளைக் காலியாக்கியும்விட்டார். மறுநாள் என் பிழை எனக்குத் தெரிந்தது. ஒருவருக்கும் சொல்லாமல் திருத்தினேன். அதே போல்டரில் சேர்வர் இணைந்தது, கல்யாணத்தைக் காணவில்லை.

மணப்பெண்ணின் அம்மா கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஏற்கெனவே கனடா போய்விட்டார்கள். அத்தான் என்னைப் பார்த்தார்.

"சிஸ்டத்தில பிழை இல்லையெண்டு உமக்கு நிச்சயமோ?"

"ஓம் அத்தான். பஸ்னா அக்காதான் அழிச்சிருக்கிறா."

"நான் அழிக்கல்ல, தம்பி" என்றார் பஸ்னா அக்கா. பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு, அழுதபடியே பஸ்ஸுக்குப் போனார்.

அன்று பின்னேரம் வேறெதற்கோ மாக்கில் சேர்வர் இணைப்பைக் கழற்றினேன். பாய் விரித்தால் அடியில் கிடப்பது தெரியாது; சேர்வர் அந்தப் போல்டரின் மேல் இணைந்து உள்ளே கிடந்ததை மறைத்துவிட்டது, அவ்வளவுதான் நடந்திருக்கிறது. பழைய போல்டருக்குள் தாலி கட்டியதிலிருந்து பந்தி வரை எல்லாப் படங்களும் பத்திரமாக இருந்தன. எனக்குத்தான் எங்கேயாவது ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

அத்தானிடம் படங்கள் கிடைத்துவிட்டன என்றேன். எப்படி என்று கேட்டார், சொன்னேன். என்னை ஒன்றும் ஏசாமல், பஸ்னா அக்காவுக்குத் தானே போன் எடுத்து மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் நின்று வயர் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு என் கல்யாண அல்பத்தையும் பஸ்னா அக்காதான் செய்தார். வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது அதைக் கையில் தந்து, "இப்பவே எண்ணிப் பாருங்க தம்பி. பொறகு நான் அழிச்ச எண்டு சொல்லாதீங்க" என்றார். என் அக்கா இன்றைக்கும் ஒவ்வொரு விசேஷத்திலும் இந்தக் கதையை எடுத்துவிடுவார். எல்லோரையும்விட நான்தான் சத்தமாகச் சிரிப்பேன். மன்னிப்பு மட்டும் இன்னும் கேட்கவில்லை.