சூனியக் குறை

உலக இலக்கியம் இரண்டாயிரம் ஆண்டுகளாகத் தற்செயலாகவே எழுதப்பட்டு வந்தது. யாரோ ஒருவருக்கு ஏதோ தோன்றும், எழுதிவிடுவார். தரச் சான்றிதழ் கிடையாது, பரிசோதனை கிடையாது, மேலதிகாரியின் கையொப்பம் கிடையாது. இந்த அவலம் 2003ஆம் ஆண்டு, பெங்களூரு கோரமங்களாவில், சேஷ்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்தின் கூட்ட அறையில் முடிவுக்கு வந்தது. (ஊழியர்கள் அந்த நிறுவனத்தைச் 'சேஷ்டை' என்று அழைத்தது வெறும் பாசம்.)

முடித்துவைத்தவர் நிர்வாக இயக்குநர் சேஷகிரி. அமெரிக்கத் திட்டங்கள் வற்றிப்போய், ஊழியர்கள் கணினியில் சீட்டாடிக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் சிக்னலில் அவர் காரின் கண்ணாடியைத் தட்டி, சூனியக்காரிக் கதைகளின் திருட்டுப் பதிப்பை ஒருவன் நீட்டினான். இயக்குநருக்கு அங்கேயே ஞானம் பிறந்தது. பிள்ளைகள் சூனியக்காரிகளுக்காக அலைகிறார்கள். நாமே தயாரித்தால் என்ன?

"முதல்ல தமிழ்ல பண்ணுவோம்" என்றார். "கன்னடத்துல பண்ணி ஊத்திக்கிட்டா உள்ளூர்ல தலை காட்ட முடியாது. தமிழ்ல ஊத்திக்கிட்டா அது பக்கத்து ஸ்டேட்."

எழுதும் பொறுப்பு சாந்தகுமாரிக்கு வந்தது. நிறுவனத்தின் மென்பொருள்கள் எப்படி வேலை செய்யும் என்று கையேடு எழுதுபவள் அவள். ஆகவே கற்பனை எழுத்தில் முன்அனுபவம் உண்டு. தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலில் வருபவள், ரயிலிலேயே எழுதினாள். அவள் கதையில், சுரங்கக் கழிவைக் கொட்டிக் கொட்டி எழுந்த சயனைடு மேட்டில் மூன்று பெண்கள் சூனியம் கற்கிறார்கள். சுரங்கத்தை மூடவைத்த அதிகாரி எதை வாயில் வைத்தாலும் மண்ணாகப் போகும்படி சபிக்கிறார்கள்.

அவள் கேட்டது ஒன்றே ஒன்று. அட்டையில் தன் பெயர். சுரங்கம் மூடியதில் வேலை இழந்த அவள் அப்பா ராமலிங்கம் அதற்குள் டீக்கடை முழுக்கச் சொல்லி வைத்துவிட்டிருந்தார்.

"இதையெல்லாம் கேக்கணுமா?" என்றார் சேஷகிரி. "உன் பேர் போடாம வேற யார் பேர் போடுவேன்?"

பிறகு நாவல் தர ஆய்வுக்குப் போனது. நிறுவனத்தின் தாரக மந்திரம் 'ஜீரோ டிஃபெக்ட்'. சூனியம் என்றாலே பூஜ்யம்தான் என்று கண்டுபிடித்த அன்று சேஷகிரி எல்லோருக்கும் மசால் தோசை வாங்கிக் கொடுத்து, திட்டத்துக்குச் 'சூனியக் குறை' என்று பெயர் சூட்டினார்.

"அக்கா, தொடப்பத்துல பறக்கறாங்க. இது ரிஸ்க்" என்று தொடங்கினாள் தரப் பிரிவின் தாரணி.

"சூனியக்காரி வேற எதுல பறப்பா? ஆட்டோலயா? மீட்டர் போடுவானா?" என்றாள் சாந்தகுமாரி.

"தொடப்பத்து மேல உக்காந்தா லட்சுமி வெளிய போயிடுவாம்மா" என்றார் சேஷகிரி. "எங்க வீட்லயே ஒத்துக்க மாட்டாங்க."

ஆழ்ந்த விவாதத்துக்குப் பின் சூனியக்காரிகள் சுழல் நாற்காலியில் பறந்தார்கள். அறையிலிருந்த அனைவரும் அப்போது சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது தற்செயல்.

"கருப்புப் பூனை வேணாம்" என்றாள் தாரணி. "கருப்புப் பூனைன்னா கமாண்டோ. டிஃபென்ஸ் மேட்டர்."

பூனை தங்கமீன் ஆயிற்று. பறக்கும்போது தண்ணீர் சிந்தாதிருக்கத் தொட்டிக்கு மூடி போடப்பட்டது.

"சாபத்தையும் எடுத்துடலாம். மிரட்டல்னு கேஸ் ஆயிடும்."

"சாபம் குடுக்காம சூனியக்காரி என்னதான் பண்ணுவா தாரணி?"

"ஃபீட்பேக் குடுக்கட்டும்."

அப்படித்தான் தமிழ் இலக்கியத்தின் மகத்தான உச்சக்கட்டங்களில் ஒன்று உருவாயிற்று: மின்னல் வெட்டியது, கூந்தல் பறந்தது, "உனக்கு நான் ஃபீட்பேக் கொடுக்கிறேன்!" என்று அவள் கர்ஜித்தாள்.

யாருக்குக் கொடுத்தாள் என்பதில்தான் சிக்கல். நாளைக்கு அரசாங்கத் திட்டம் ஏதாவது வந்தாலும் வரலாம் என்பதால் அதிகாரியும் நீக்கப்பட்டார். அவர் இடத்தில் 'சூழ்நிலை' அமர்த்தப்பட்டது. மூன்று சூனியக்காரிகளும் சூழ்நிலைக்கு ஃபீட்பேக் கொடுத்தார்கள். சூழ்நிலை திருந்தியது. தர அறிக்கை அறிவித்தது: குறைகள், சூனியம்.

புத்தகம் வந்தது. அட்டையில் 'ஆக்கம்: சேஷ்டா குழு' என்றிருந்தது.

"சார், என் பேரு?"

"நோடிம்மா, இங்க பாரு, இது டீம் வொர்க். நாற்காலி யார் ஐடியா? மீன் யார் ஐடியா? உன் பேரை மட்டும் போட்டா மத்தவங்க மனசு கஷ்டப்படாதா?"

வீட்டில் ராமலிங்கம் புத்தகத்தை முன்னும் பின்னும் திருப்பினார்.

"உம் பேரு எங்கம்மா கீது?"

"குழுன்னு போட்டிருக்குல்லப்பா. அதுக்குள்ள நானும் கீறேன்."

"எத்தினி பேருக்கு நடுவுல?"

மறுநாளிலிருந்து அவர் வேறு டீக்கடைக்குப் போக ஆரம்பித்தார்.

இளைஞர் உலகம் நாவலை ஒரே குரலில் வரவேற்றது. அந்தக் குரல் ஃப்ரேசர் டவுனில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் கிரேஸுடையது. பள்ளியில் இலவசமாகக் கிடைத்த பிரதியை முழுதாகப் படித்தவள் அவள் மட்டும்தான். கருத்துக் கேட்கப் போன சாந்தகுமாரியிடம் அவள் சொன்னாள்: "ஆன்ட்டி, விட்ச் ஸ்டோரின்னீங்க. விட்ச் எங்க? மீன்தான் இருக்கு."

விற்காத கட்டுகள் வரவேற்பறையில் குவிந்தன. விருந்தினர்கள் அவற்றின் மேல் காபிக் கோப்பையை வைத்தார்கள். அந்த அளவில் நாவல் பலருக்குப் பயன்பட்டது.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. தோல்வியின் வேரைக் கண்டுபிடிக்கக் கூட்டம் கூடியது. ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் எந்த வேரும் வெளியே வந்துவிடும் என்பது ஜப்பான்காரர்கள் உலகுக்கு வழங்கிய விஞ்ஞானம். சேஷகிரி கேட்டார், தாரணி பதில் சொன்னாள்.

"புத்தகம் ஏன் விக்கல?"

"போர் அடிக்குது சார்."

"ஏன் போர் அடிக்குது?"

"சூனியக்காரியே இல்ல சார். சும்னே பறக்கறாங்க, சும்மா வர்றாங்க."

"ஏன் இல்ல?"

"நாம எடுத்துட்டோம்."

"ஏன் எடுத்தோம்?"

"ரிஸ்க் இருந்துச்சு."

"ரிஸ்க் ஏன் இருந்துச்சு?"

தாரணி தயங்கினாள். பிறகு, விஞ்ஞானத்துக்குக் கட்டுப்பட்டுச் சொன்னாள்: "சாந்தா அக்கா எழுதிட்டாங்க சார்."

அறையே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. எல்லா நாற்காலிகளும் ஒரே நேரத்தில் சாந்தகுமாரியின் பக்கம் சுழன்றன. நாவல் முழுக்கத் தேடியும் கிரேஸுக்குக் கிடைக்காதவள் இவர்களுக்குக் கிடைத்துவிட்டாள். திரையில் ஆங்கிலக் கொட்டை எழுத்தில் மின்னியது: மூல காரணம், ஆர். சாந்தகுமாரி.

அவள் அதை உற்றுப் பார்த்தாள். "சார், இதை ஒரு பிரின்ட் எடுத்துக்கலாமா?"

"தாராளமா! பாத்தீங்களா? இதான் பொறுப்புணர்ச்சி" என்று நெகிழ்ந்தார் சேஷகிரி. வண்ணத்திலேயே எடுக்க அனுமதித்தார்.

ஆங்கிலத்தில் ராமலிங்கத்துக்குச் சுரங்கத்துப் பலகைகளில் கற்றது மட்டும்தான் தெரியும். 'டேஞ்சர்' என்று எழுதியிருந்தால் படிப்பார்; மகள் பெயரையும் படிப்பார். காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தார்.

"உம் பேருதான்! மேல இன்னா போட்டுகீறாங்க?"

"மூல காரணம்னு."

"அப்பிடிச் சொல்லு! எல்லாத்துக்கும் மூலம் நீதான்னு இப்பத்தான் ஒத்துக்கினாங்களா?" என்று சட்டையை மாட்டினார். பழைய டீக்கடைக்குக் கிளம்பியவர் வாசலில் நின்று மறுபடி பார்த்தார். "கூட யார் பேரும் இல்லியேம்மா?"

"இல்லப்பா. இதுக்கு மட்டும் டீம் கிடையாது."