கும்பிடு அண்ணனின் வலது கை

14 ஜூன் 1999, திங்கள். காலை ஐந்தே காலுக்கு எழுந்தேன். தண்ணீர் பிடித்தேன், சவரம் செய்தேன், மூன்று இட்லி சாப்பிட்டேன். முந்தைய ஆண்டின் நாட்குறிப்பைச் செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். கும்பிடு அண்ணனின் வழக்கில் நான்தான் சாட்சி.

மதுரையில் அவரிடம் கும்பிடு வாங்காத உயிர் கிடையாது. பழங்காநத்தத்தில் நான் வேலை செய்யும் நூல் கிடங்கின் வாட்ச்மேன். முதலாளி, தபால்காரர், வழி கேட்டு வந்தவர், யாரானாலும் இரண்டு கையும் தலைக்கு மேல் போகும். அவனியாபுரத்தில் கட்டவிழ்ந்த ஜல்லிக்கட்டுக் காளை எதிரே வந்தபோதும் அவர் ஓடவில்லை; கும்பிட்டார். காளை சற்று யோசித்துவிட்டு வேறு தெருவில் போனது.

"ஏண்ணே, மாட்டையுமா?"

"அதுவும் நம்ம ஊருதானே சார்."

சென்ற ஆண்டு காலில் ஆணி குத்தியதால் ஒரு தனியார் மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொண்டார். கம்பவுண்டர் ஊசியைத் தோள் மூட்டிலேயே இறக்கிவிட்டார். அன்றிலிருந்து வலது கை மார்புக்கு மேல் எழவில்லை. நஷ்டஈடு கிடைத்தால் ஆபரேஷன் செய்யலாம். இல்லையென்றால் கை இப்படியேதான். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனோம்.

மருத்துவமனையில் சீட்டு எதுவும் தரவில்லை. ஊசி போட்ட தேதிக்கு என் நாட்குறிப்புதான் ஆதாரம். அன்று விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அதை வாங்கி, அடுத்தடுத்த பக்கங்களைப் புரட்டினார்.

"'காலை 9.10. கும்பிடு அண்ணன் தலைக்கு மேல் கை தூக்கிக் கும்பிட்டார்.' ஊசி போட்ட மறுநாளும் இருக்கு, மறுவாரமும் இருக்கு. தூக்க முடியாத கை தினமும் எப்படி சார் மேல போச்சு?"

"இடது கையால வலது கையைப் பிடிச்சுத் தூக்குவாரு சார். வலியில கண்ணுல தண்ணி வந்துரும்."

"அதை எழுதலையே?"

எழுதவில்லை. பதினொரு வருடமாக எழுதிய அதே வரியைத்தான் அப்போதும் எழுதியிருந்தேன். வழக்கு தள்ளுபடியானது.

வெளியே வந்ததும் நாட்குறிப்பை மறுபடி செய்தித்தாளில் சுற்றினேன்.

"விடுங்க சார். பொய்யாவா எழுதுனீக? கும்பிட்டேன்ல?"

"ஒரு நாளாவது கும்பிடாம இருந்திருக்கலாம்லண்ணே."

"காளவாசல்ல இருந்து தினமும் அம்புட்டுத் தூரம் வேலைக்கு வாரீக. சும்மா நிக்கச் சொல்றீகளா?"

அப்போது அந்த வக்கீல் எங்களைக் கடந்து போனார். அண்ணனின் இடது கை வலது கையைத் தேடிப் பிடித்துத் தூக்கியது. அவரையும் கும்பிட்டார். வக்கீல் தன் செருப்பையே பார்த்தபடி காரில் ஏறினார்.

மறுநாள் காலை 9.10. கிடங்குக்குப் போனதும் முதல் வேலையாக, அண்ணனின் இடது கை வலது கையைத் தேடும் முன்பே ஓடிப்போய், அவருடைய இரண்டு கைகளையும் மார்பளவிலேயே பிடித்துக்கொண்டேன்.